எங்கள் வயலுக்கென்று ஒரு நெல் ரகத்தை நாங்களே உருவாக்க முடியுமா?

வரப்புநண்டு:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பயிர் செய்கிறோம். எல்லோர் நிலமும் ஒரே தாழ்வான பகுதியில் அடுத்தடுத்து இருக்கிறது. நட்ட இருபது நாளுக்குள் மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் வடிய வழியில்லாமல் அப்படியே நிற்கும். அதே வயல் கதிர் வரும் நேரத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐந்து வருடத்தில் ஏழு ரகம் மாற்றிப் பார்த்துவிட்டோம். விதை வாங்கும்போது கொடுக்கிற தாளில் எல்லாமே அமோக மகசூல், எங்கள் வயலில் பாதிக்குப் பாதி பதர். கடைசியாகப் போட்டது பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் நன்றாகத்தான் கட்டியது, ஆனால் பால் பிடிக்கிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் போய், கதிரைக் கையில் எடுத்தால் கனமே இல்லை.

எங்களில் ஒருவர் வீட்டில் பழைய நெட்டை நெல் ஒன்றை இன்னும் விதைக்கிறார்கள். தண்ணீரைத் தாங்குகிறது. ஆனால் முற்றும்போது ஒரு காற்று அடித்தால் போதும், பாய் விரித்த மாதிரி படுத்துவிடும், உரம் போட்டால் இன்னும் சீக்கிரம் படுக்கும். இதையும் ஒரு குட்டை ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து நாங்களே ஒன்று எடுக்க முடியுமா? எத்தனை வருடம் ஆகும்? முடியாது என்றாலும் பரவாயில்லை, ஏன் முடியாது என்று சொல்லுங்கள்.

தூர்க்கட்டு:

முடியும். ஆனால் நீங்கள் கஷ்டம் என்று நினைக்கிற இடத்தில் கஷ்டம் இல்லை. நெல் கலப்பு வேலையில் களப்பணியாளனாக ரொம்ப வருடம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கலப்பு செய்வது ஒரு மாலையும் ஒரு காலையும் பிடிக்கிற வேலைதான்.

நெல் பூ காலையில் வெயில் ஏறும்போது திறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அது திறக்கும்போதே தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுந்துவிடும், அதனால் முந்திக்கொள்ள வேண்டும். முந்தின நாள் சாயங்காலம், தாயாக வைக்கிற செடியில் இலையுறையை விட்டுப் பாதிக்கு மேல் வெளியே வந்த கதிராக ஒன்றைப் பிடித்து, நுனியில் ஏற்கெனவே பூத்து முடிந்ததையும் அடியில் ரொம்பப் பிஞ்சாக இருப்பதையும் கிள்ளிப்போட்டுவிட்டு, மிச்சமிருக்கிற ஒவ்வொரு பூவின் உமியையும் மேலே மூன்றில் ஒரு பங்கு சாய்வாகக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் நுனி கூர்மையான இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஆறும் வந்ததா என்று எண்ணுங்கள், ஒன்று தங்கினாலும் வேலை கெட்டது. பட்டர் பேப்பர் உறை போட்டு மூடிவிட்டு, மறுநாள் காலை தந்தைச் செடியின் கதிரில் மகரந்தப்பைகள் வெளியே தொங்க ஆரம்பித்ததும் கொண்டுவந்து இதன் மேல் தட்டுங்கள். நெல் மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடம்தான், வெட்டி எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்து வந்தால் ஒன்றும் பிடிக்காது. மணிகள் முற்ற ஒரு மாதம் போல ஆகும். உமி வெட்டிவிட்டதால் அரிசி பாதி வெளியே தெரியும், நன்றாகக் காயவைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். பத்து மணி தேறினால் போதும்.

ஒரு சின்ன தந்திரம்: குட்டை ரகத்தைத் தாயாகவும் நெட்டையைத் தந்தையாகவும் வையுங்கள். நெட்டைத்தனம் ஓங்கு பண்பு, அதாவது குட்டையோடு சேர்ந்தாலும் நெட்டைதான் வெளியே தெரியும். கலப்பு நிஜமாகவே பிடித்திருந்தால் அடுத்த போகத்தில் அந்தச் செடி நெட்டையாக வரும். குட்டையாகவே வந்தால் அது தன் மகரந்தத்திலேயே பிடித்தது, பிடுங்கிப் போட்டுவிடலாம். மாற்றி வைத்தால் எது கலப்பு, எது இல்லை என்று கண்ணால் பிரிக்கவே முடியாது.

கஷ்டம் இரண்டாம் தலைமுறையில் ஆரம்பிக்கிறது. முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அவற்றின் விதையை நட்டால் வருகிற இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி. உங்களுக்கு வேண்டிய குணங்கள் ஐந்து மரபணுக்களில் இருக்கின்றன என்று வையுங்கள், ஐந்தும் நிலைத்த வடிவில், அதாவது இனி பிரியாமல் அப்படியே வாரிசுக்குப் போகிற மாதிரி, ஒரே செடியில் சேர வாய்ப்பு 1024-ல் ஒன்று. பத்து மரபணு என்றால் பத்து லட்சத்துக்கு மேல் போய்விடும். மகசூல் மாதிரி குணங்களுக்குப் பத்து எல்லாம் பத்தவே பத்தாது. அதனால்தான் இரண்டாம் தலைமுறையை ஆயிரக்கணக்கில் நடுகிறார்கள். ஐ.ஆர். 8 கதை தெரியும்தானே? பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பீட்டாவையும் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் சேர்த்தார்கள். அங்கே செய்த எட்டாவது கலப்பு அது. கிடைத்தது 130 விதை. இரண்டாம் தலைமுறையில் பத்தாயிரம் செடி அளவுக்கு நட்டு, நெட்டையையும் பிந்திப் பூப்பதையும் தூக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சியதைப் போகத்துக்குப் போகம் கழித்துக்கொண்டே வந்து நின்றது ஐ.ஆர். 8-288-3. எட்டாவது கலப்பு, 288-வது செடி, அதன் வரிசையில் மூன்றாவது செடி. 1966-ல் வெளியிட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புத்தன்மை பாதியாகக் குறையும். ஆறாம் தலைமுறையில் சுமார் 3 சதவீதம்தான் மிச்சம், அங்கே வந்தால் ரகம் நிலைத்துவிட்டது என்று சொல்லலாம். வருடத்துக்கு ஒரு போகம் என்றால் கலப்பு செய்த வருடத்தையும் சேர்த்து ஏழு எட்டு வருடம்.

பதர்தூற்றி:

ஏழு எட்டு வருடம் பன்னிரண்டு பேர் சண்டை போடாமல் இருந்துவிட்டால் அதுவே பெரிய சாதனை.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நிஜமான கேள்வி ஒன்று: ஏழு ரகம் மாற்றினீர்கள், சரி, ஏழையும் ஒரே வருடத்தில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தீர்களா? வருடத்துக்கு ஒன்று போட்டிருந்தால் நீங்கள் ஒப்பிட்டது ரகத்தை இல்லை, மழையை.

வரப்புநண்டு:

வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் போட்டோம். நீங்கள் சொன்னது உறைக்கிறது.

நீர்முள்ளி:

கலப்புக்குள் போவதற்கு முன்னால் ஒன்று தெளிவாக வேண்டும். "தண்ணீர் நிற்கும்" என்றீர்கள். எப்படி நிற்கும்? பயிர் முழுக்க மூழ்கி இலை நுனிகூடத் தெரியாமல் போகிறதா, அல்லது நுனி வெளியே தெரிய முழங்கால் அளவுக்கு நிற்கிறதா? எத்தனை நாள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நெல் தண்ணீரைச் சமாளிக்கும் விதம் ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. ஒடிசாவிலிருந்து கிடைத்த எஃப்.ஆர். 13ஏ என்கிற பழைய ரகம் மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்த மாதிரி கிடக்கும். மாவுச்சத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அதிலிருக்கிற சப்-1 என்னும் மரபணுப் பகுதிதான் இதற்குக் காரணம். அதை ஸ்வர்ணா ரகத்துக்குள் பின்கலப்பு மூலம், அதாவது கலப்பை மறுபடி மறுபடி ஸ்வர்ணாவோடேயே சேர்த்து, சப்-1 வந்திருக்கிறதா என்று மரபணு அடையாளம் வைத்துப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். ஸ்வர்ணா-சப்-1 இந்தியாவில் 2009-ல் வெளியானது, இரண்டு வாரம் போல முழுக்க மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துவிடும். ஆழ்நீர் நெல் இதற்குத் தலைகீழ், தண்ணீர் ஏற ஏற அதுவும் தண்டை நீட்டிக்கொண்டே போகும். வெள்ளம் பத்து நாளில் வடிந்துவிடும் இடத்தில் நீட்டுகிற ரகத்தைப் போட்டால் தண்ணீர் வடிந்ததும் தன் கனம் தாங்காமல் படுத்துவிடும். மாதக்கணக்கில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இடத்தில் சப்-1 போட்டால் உள்ளேயே கிடந்து அழுகும். இரண்டுக்கும் பெயர் என்னவோ "வெள்ளம் தாங்கும் ரகம்"தான்.

அதனால் அளந்து சொல்லுங்கள்.

வரப்புநண்டு:

முழுக்க மூழ்குவது அபூர்வம். பெரும்பாலும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, இலை நுனி தெரியும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நிற்கும். தூர் கட்டாமல் ஒரே குச்சியாக நிற்கிற பயிரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஏழில் ஒரு ரகம் சப்-1 உள்ளதுதான், பெரிய நம்பிக்கையோடு போட்டோம், மற்றதைவிட மோசமாக வந்தது.

நீர்முள்ளி:

அதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களுடையது மூழ்கல் இல்லை, தேங்கல். சப்-1 வேலை செய்வது பயிர் முழுக்க மூழ்கினால்தான். நுனி வெளியே இருக்க நீண்ட நாள் நிற்கும் தண்ணீரில் அதனால் பிரயோஜனம் இல்லை, குட்டையாக வேறு இருந்தால் இன்னும் பாதகம். விதை விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது தாங்குகிற தண்ணீர் வேறு, உங்கள் வயலில் நிற்கிற தண்ணீர் வேறு.

தேங்கலுக்கு வேண்டியது நடுத்தர உயரம், தடித்த தண்டு, தண்ணீருக்குள்ளேயும் தூர் கட்டுகிற குணம். அதனால் கலப்பு செய்தாலும் முழுக் குட்டையைத் தேடிப் பிடிக்காதீர்கள். முழங்கால் தண்ணீரில் குட்டைக்கு இலை போடவே இடம் இருக்காது. பழைய நெட்டையைவிட ஒரு சாண், ஒன்றரைச் சாண் குறைவாக, தண்டை இரண்டு விரலால் அமுக்கினால் நசுங்காமல் இருக்கிற செடியாகத் தேடுங்கள். அடிக்கணு இரண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் சாய்வது பெருமளவு குறையும்.

இன்னொன்று. அந்தப் பழைய நெல் முன்னே பின்னே விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே தேதியில் பூக்கிறதா? பூத்தால் அது பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற ரகம். தாழ்நில நெல்லில் அந்தக் குணம் சும்மா வந்ததில்லை. தண்ணீரில் கிடந்து வளர்ச்சி தாமதமானாலும் பூக்கும் தேதி பெரிதாகத் தள்ளிப்போகாது. குட்டை ரகங்கள் வயதை வைத்துப் பூக்கும், வெள்ளத்தில் அடிபட்டு மீண்டு வரும்போது பூப்பு தள்ளிப்போய்விடும். நெல்லுக்கு வறட்சி அதிகம் வலிப்பது பூப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்து பூத்து முடிகிற வரைக்கும். உங்கள் பதருக்கு அங்கேதான் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது: தண்ணீரில் தாமதமான பயிர் சரியாக வயல் வெடிக்கிற நேரத்தில் பூக்கிறது. அப்படியென்றால் உங்களுடையது இரண்டு பிரச்சினை இல்லை, ஒன்றுதான்.

தூர்க்கட்டு:

நீர்முள்ளி சொன்னது நூறு சதவீதம் சரி, நான் அதைக் கேட்காமலேயே இடுக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன், பழக்கதோஷம். பகல் நீளம் பார்க்கிற ரகமாக இருந்தால் கலப்பு செய்வதிலும் ஒரு சிக்கல் வரும். அது தேதி பார்த்துப் பூக்கும், குட்டை வயது பார்த்துப் பூக்கும், இரண்டும் ஒரே வாரத்தில் பூக்காது. குட்டையைப் பத்து நாள் இடைவெளியில் நான்கு முறை விதையுங்கள், ஏதாவது ஒன்று ஒத்துவரும்.

செம்மண்குருவி:

என் யோசனை வேறு. கலப்பே செய்யாதீர்கள்.

ஆராய்ச்சி நிலையங்களில் நான்காம் ஐந்தாம் தலைமுறை விதை நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் பெரும்பகுதி நிலையத்தின் சமமான, வடிகால் உள்ள, நேரத்துக்குத் தண்ணீர் பாய்கிற வயலில் தோற்றுப்போய் ஓரமாக வைக்கப்பட்டது. அங்கே தோற்றது உங்கள் வயலிலும் தோற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்து இடங்களில் போட்டு சராசரி எடுத்தால் எல்லா இடத்திலும் சுமாராக வருவது ஜெயிக்கும், ஒரே ஒரு மாதிரி நிலத்தில் பிரமாதமாக வருவது சராசரியில் அடிபட்டுப் போகும். தாழ்நில ஆராய்ச்சி செய்கிற நிலையத்துக்கு எழுதி, தேங்கல் தாங்கும் பெற்றோரிலிருந்து வந்த விதை கொஞ்சம் கிடைக்குமா என்று கேளுங்கள். கலப்பு, முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை எல்லாம் தாண்டி வந்துவிடும், மூன்று நான்கு வருடம் மிச்சம்.

இது புதிதும் இல்லை. நேபாளத்தில் மலைமேல் குளிர் பகுதிக்கு ரகம் வேண்டியிருந்தபோது, உள்ளூர் சோம்ராங் தானையும் ஜப்பானின் ஃபூஜி 102-ஐயும் கலந்து, ஐந்தாம் தலைமுறை விதையை அப்படியே விவசாயிகள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தங்கள் வயலில் பொறுக்கியெடுத்ததிலிருந்து வந்த மச்சாபுச்ரே-3, 1996-ல் அதிகாரபூர்வமாக வெளியானது. கிழக்கு இந்தியாவின் மேட்டுநிலத்துக்கு கலிங்கா-3, ஐ.ஆர். 64 இரண்டையும் கலந்து, விவசாயிகளைக் கூடவே வைத்துக்கொண்டு எடுத்ததுதான் அசோகா 200எஃப், அசோகா 228.

நிலையம் பார்க்காத விஷயங்களும் உங்களுக்குத் தெரியும். மாட்டுக்கு வைக்கோல் எவ்வளவு வேண்டும், அடித்தால் மணி உதிர்கிறதா அல்லது கதிரிலேயே ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறதா, அரைத்தால் எவ்வளவு குருணை போகிறது, சோறு ஆறினால் விறைக்கிறதா, எல்லாமே. ஐ.ஆர். 8 விளைச்சலில் அசத்தியது, ஆனால் அரிசியில் வெள்ளைத் திட்டு, அரவையில் உடைசல், ஆறினால் கல். அதைச் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பதர்தூற்றி:

நான் சொல்ல நினைத்ததைச் செம்மண்குருவி சொல்லிவிட்டார். பொறுக்குகிற வேலையில் ஏமாறுகிற இடத்தை மட்டும் சொல்கிறேன், நான் மூன்று போகம் ஏமாந்தவன்.

முதல் போகத்தில் வயலில் கண்ணைப் பறித்த இருபது செடியை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து தூர், கதிர் சரம் சரமாக. அடுத்த வருடம் தனித்தனி வரிசையாக நட்டால் எல்லாம் சாதாரணம். என்னடா என்று யோசித்தால், நான் எடுத்தது பாதிக்கு மேல் வரப்போரச் செடி, மிச்சம் பக்கத்துக் குத்து செத்துப்போய் இடம் கிடைத்த செடி. வெளிச்சமும் எருவும் கூடுதலாகக் கிடைத்துக் கொழுத்திருக்கிறது, அதன் மரபில் ஒன்றும் இல்லை. அதனால் ஓரத்தில் இரண்டு வரிசையைக் கண்டுகொள்ளவே வேண்டாம், பக்கத்தில் காலி இடம் இருக்கும் குத்தையும் விட்டுவிடுங்கள். வயலைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதில் சிறந்த இரண்டு மூன்றை எடுங்கள். இல்லாவிட்டால் வண்டல் படிந்த மூலையிலிருந்தே எல்லாச் செடியும் வந்து சேரும்.

வரிசையாக நடும்போது பத்து வரிசைக்கு ஒன்று நீங்கள் இப்போது போடுகிற ரகத்தை நடுங்கள். வயலின் இந்தப் பக்கம் நல்லதா, அந்தப் பக்கம் நல்லதா என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது போகத்தில் இன்னொரு முட்டாள்தனம். கலப்பு விதையை மொத்தமாக விதைத்து, தாக்குப்பிடிக்கிறது பிடிக்கட்டும், இயற்கையே பொறுக்கிக்கொடுக்கும் என்று விட்டேன். இயற்கை பொறுக்கியது, ஆனால் எனக்காக இல்லை. நெட்டைச் செடிகள் பக்கத்திலிருந்த அளவான செடிகளை நிழலில் அமுக்கிவிட்டன. இரண்டு வருடம் அப்படி விட்டிருந்தால் மிச்சமெல்லாம் நெட்டையாகவே இருந்திருக்கும். தனியாக நின்று நன்றாக விளைகிற செடி கூட்டத்துக்குள் மல்லுக்கட்டி ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. மொத்தமாக விதைத்தாலும் பூக்கும் முன்பே ரொம்ப உயரமானதையும், பிந்துவதையும் கையால் பிடுங்கிக் கழித்துவிடுங்கள்.

மூன்றாவது போகத்தைப் பற்றி வேண்டாம். எலி தின்றது.

நீர்முள்ளி:

மூன்றாவதற்கும் அனுதாபங்கள்.

வரப்புநண்டு, ஒரே ஒரு சேர்க்கை. ரகம் வரும் வரை வயல் காத்திருக்காது. தேங்குகிற வயலுக்கு இளம் நாற்றை நடாதீர்கள். மேட்டில் நாற்றங்கால் போட்டு முப்பத்தைந்து நாள் போல வளர்ந்த உயரமான, தடித்த நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நட்டுப் பாருங்கள். பயிர் குச்சியாக நிற்பது ஓரளவு குறையும். ஆனால் குறுகிய வயது ரகத்தில் இதைச் செய்யாதீர்கள், நாற்றங்காலிலேயே வயது போய்விட்டால் நட்ட பிறகு தூர் கட்டாமல் கதிர் வந்து நின்றுவிடும்.

வரப்புநண்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று எட்டுப் பேர் உட்கார்ந்து இதைப் படித்தோம், நாலு பேர் வரவில்லை, பதர்தூற்றி சொன்ன சண்டை இப்போதே ஆரம்பமாகிவிட்டது போலிருக்கிறது.

பழைய நெல் வைத்திருப்பவரிடம் பூக்கும் தேதி கேட்டோம். எழுதியெல்லாம் வைக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் விதைப்பு ஒரு மாதம் தள்ளிப்போனபோதும் அறுப்பு வழக்கமான வாரத்திலேயே வந்தது என்று அவர் அம்மா சொன்னார்கள். எந்த வருடம் என்பதற்கு அடையாளமும் சொன்னார்கள், அதனால் நம்புகிறேன்.

முடிவு செய்தது இவ்வளவுதான். இந்தப் போகத்தில் ஒரே வயலில் பழைய நெல்லையும், ஏழு ரகத்தில் கையிருப்பில் இருக்கும் நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறோம், அளவுக்கோல் நட்டுத் தண்ணீரை வாரம் இரண்டு முறை குறித்து வைக்கிறோம், பூத்த தேதியையும் குறிக்கிறோம். நிலையத்துக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. எங்களில் ஒரு பையன் மட்டும் கலப்பு செய்து பார்த்தே தீருவேன் என்று இடுக்கி வாங்கிவிட்டான், தடுக்க முடியவில்லை. அவனுக்காக ஒரு கேள்வி: உறை போட்ட கதிரில் என்னவெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

தூர்க்கட்டு:

தாய் பெயர், தந்தை பெயர், மகரந்தப்பை எடுத்த தேதி, மகரந்தம் தட்டிய தேதி, எத்தனை பூ, செய்தவர் பெயரின் முதல் எழுத்து. தாய் பெயர் எப்போதும் முதலில். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது. அதையே ஒரு நோட்டிலும் எழுதட்டும், நோட்டு வயலுக்கு வரக்கூடாது, வீட்டிலேயே இருக்கட்டும். தம்பி முதல் தடவை ஐம்பது பூ வெட்டி ஒரு மணிகூடப் பிடிக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், என் முதல் கதிரில் பிடித்தது இரண்டு, அதில் ஒன்று பூசணம்.